பசித்திருப்பதும் பசி தீர்ப்பதும் - நோன்பின் வரலாறு ஒரு பார்வை



நோன்பின் சிறப்புகளையும் அதன் சட்டங்களையும் ஆலிம் பெருமக்கள் ஆண்டுதோறும் பயான்களில் நமக்கு எடுத்துரைத்து வருகின்றனர். இக்கட்டுரையில் நோன்பின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். மதீனா நகரில் நோன்பு கடமையாக்கப்பட்ட நாள் முதல், நம் கரிசல் சீமையின் பள்ளிவாசல் முற்றங்களில் கஞ்சி அண்டா அடுப்பேறும் இந்நாள் வரை அவ்வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், ஓர் உண்மை மீண்டும் மீண்டும் புலப்படுகிறது. இஸ்லாத்தில் நோன்பு என்பது ஒருவன் பசித்திருப்பதோடு நிறைவு பெற்றுவிடுவதில்லை. அவனுடைய பசி இன்னொருவரின் பசியைத் தீர்க்கும் இடத்திலேயே அது நிறைவு பெறுகிறது.

நோன்பு கடமையான வரலாறு

மக்காவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அழைப்புப் பணி ஆற்றிய பதின்மூன்று ஆண்டுகளில் ரமளான் நோன்பு கடமையாக்கப்படவில்லை. கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மதீனாவுக்கு வந்த நபிகளார், அங்கு வாழ்ந்த யூதர்கள் முஹர்ரம் பத்தாம் நாளில் நோன்பிருப்பதைக் கண்டார்கள். ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து மூஸா (அலை) அவர்களும் அவர்தம் மக்களும் காப்பாற்றப்பட்டதற்கு நன்றி செலுத்தும் நோன்பு அது. அந்த ஆஷூரா நோன்பை நபிகளாரும் நோற்றார்கள். தம் தோழர்களையும் நோற்கச் செய்தார்கள்.

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு ஷஃபான் மாதத்தில், அதாவது கி.பி. 624இல், ரமளான் மாதம் முழுவதும் நோன்பு நோற்பது கடமையாக்கப்பட்டது. திருக்குர்ஆனின் 'அல்பகரா' அத்தியாயத்தின் 183 முதல் 187 வரையிலான வசனங்கள் இதைப் பற்றிப் பேசுகின்றன. முன் வாழ்ந்த சமுதாயங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்பதையும், நோன்பின் நோக்கம் இறையச்சம் என்பதையும் இவ்வசனங்கள் தெளிவுபடுத்துகின்றன. ஆகவே நோன்பு புதிதாகத் தோன்றிய வழிபாடன்று. நபிமார்களின் வழியில் தொடர்ந்து வந்த பழைய வணக்கமே அது. ரமளான் கடமையான பின்னர் ஆஷூரா நோன்பு விரும்பியவர் நோற்கும் சுன்னத்தாக நிலைபெற்றது.

அந்த முதல் ரமளானிலேயே, பதினேழாம் நாளில், பத்ருப் போர் நிகழ்ந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட படையை எதிர்கொண்டனர். இப்போரைத் தமிழில் காவியமாகப் பாடிய உமறுப் புலவர் (1642 - 1703) நம் ஊருக்கு அண்மையிலுள்ள எட்டயபுரம் அரசவையில் புலவராக விளங்கி, அம்மண்ணிலேயே அடங்கியிருப்பவர். அவருடைய சீறாப்புராணத்தின் ஹிஜ்ரத்துக் காண்டத்தில் பத்ரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. அரபு நாட்டின் முதல் ரமளான் நம் கரிசல் சீமையில் தமிழ்க் கவிதையாயிற்று என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தியாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வாழ்நாளில் ஹிஜ்ரி 2 முதல் 10 வரை ஒன்பது ரமளான்களை நோன்புடன் கழித்தார்கள். நோன்பின் சட்டங்கள் அனைத்தும் இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் உருப்பெற்றவையே.

உழைப்பாளியின் பசி கேட்ட தளர்வு

தொடக்க நாட்களில் நோன்பின் விதி இன்றைக்கிருப்பதைவிடக் கடினமாக இருந்தது. நோன்பு திறக்கும் நேரம் வந்த பின்னர் ஒருவர் உண்ணாமல் உறங்கிவிட்டால், அடுத்த நாள் மாலை வரை அவர் எதையும் உண்ணக்கூடாது. இவ்விதி தளர்த்தப்பட்ட வரலாறு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

கைஸ் இப்னு ஸிர்மா (ரலி) என்னும் அன்ஸாரித் தோழர் நாள் முழுவதும் உழைத்துவிட்டு நோன்பு திறக்கும் நேரத்தில் வீடு திரும்பினார். உண்பதற்கு ஏதேனும் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். வீட்டில் ஒன்றுமில்லை. எங்கேனும் சென்று தேடிக் கொண்டுவருவதாகக் கூறி அப்பெண்மணி வெளியே சென்றார். அதற்குள் களைப்பு மிகுதியால் கைஸ் (ரலி) உறங்கிவிட்டார். உணவுடன் திரும்பிய மனைவி கணவர் உறங்கிக் கிடப்பதைக் கண்டு வருந்தினார். விதிப்படி அவர் உண்ணாமலேயே மறுநாள் நோன்பைத் தொடர்ந்தார். நண்பகல் வேளையில் மயங்கி விழுந்தார். இச்செய்தி நபிகளாரிடம் சென்றது. இதனைத் தொடர்ந்தே, வைகறை வெளுக்கும் வரை உண்ணவும் பருகவும் அனுமதி அளிக்கும் 187ஆம் வசனம் அருளப்பட்டது. மக்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள்.

நாம் இன்று நிம்மதியாக ஸஹர் செய்கிறோம். அந்த ஸஹர் உணவுக்குப் பின்னால், அடுப்பில் ஏதுமில்லாத ஒரு வீடும், உழைத்துக் களைத்த ஒரு மனிதரும் இருக்கின்றனர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? இறைவனின் சட்டம் உழைப்பாளியின் உடலைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை வழங்கிய வசனங்களுடன் சேர்த்து இதையும் காணும்போது, மனிதனை வருத்துவது நோன்பின் நோக்கமன்று என்பது விளங்கும்.

ஒரு பயணத்தில் நடந்த நிகழ்ச்சியையும் இங்குக் குறிப்பிடலாம். கடும் வெயில் நாளில் நபித்தோழர்கள் ஓரிடத்தில் இறங்கினர். நோன்பு வைத்திருந்தவர்கள் களைத்து வீழ்ந்துவிட்டனர். நோன்பு வைக்காதவர்கள் எழுந்து கூடாரம் அமைத்தனர்; ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினர். அன்றைய நற்கூலியை நோன்பு நோற்காதவர்களே பெற்றுச் சென்றுவிட்டனர் என்று நபிகளார் நவின்றார்கள். மக்கா வெற்றிக்காக ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில் புறப்பட்டபோதும், மக்கள் நோன்பினால் சிரமப்படுவதை அறிந்து, அனைவரும் காணும்படி தண்ணீர் அருந்தி நோன்பை விட்டார்கள். பிறருக்குச் செய்யும் பணிவிடை வணக்கத்துக்குக் குறைந்ததன்று என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

விதிகளில் ஏழையின் பங்கு

நோன்பின் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால் அவற்றின் முடிவில் ஓர் ஏழையின் உணவு இருப்பதைக் காணலாம்.

முதுமையாலோ தீராத நோயாலோ நோன்பு நோற்க இயலாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். இதற்கு ஃபித்யா என்று பெயர். தக்க காரணமின்றி நோன்பை முறித்தவருக்குரிய பரிகாரமான கஃப்பாராவின் விரிவான சட்டங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எனினும் அடிமையை விடுதலை செய்ய இயலாமல், இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருக்கவும் இயலாமற்போனால் அறுபது ஏழைகளுக்கு உணவளிப்பதே அதன் இறுதி வழியாகும்.

இக்கஃப்பாரா தொடர்பான ஹதீஸ் நபிகளாரின் கருணையைக் காட்டுவது. தவறு செய்துவிட்டதாகக் கூறி ஒருவர் பதறியபடி வந்தார். மூன்று வழிகளில் எதற்கும் தம்மிடம் வசதியில்லை என்றார். அவ்வேளையில் ஒரு கூடை பேரீச்சம்பழம் நபிகளாரிடம் கொண்டுவரப்பட்டது. அதைக் கொண்டுசென்று தர்மம் செய்யுமாறு அவரிடம் கூறினார்கள். மதீனாவின் இரு எல்லைகளுக்கும் இடையில் தம் குடும்பத்தைவிட ஏழைக் குடும்பம் இல்லையே என்றார் அவர். நபிகளார் தம் பற்கள் தெரியச் சிரித்து, அதை அவருடைய குடும்பத்தாருக்கே உண்ணக் கொடுக்குமாறு கூறி அனுப்பினார்கள். பரிகாரம் தேடி வந்தவர் உணவுடன் வீடு திரும்பினார்.

மாத இறுதியில் வருவது ஸதகத்துல் ஃபித்ர் என்னும் நோன்புப் பெருநாள் தர்மம். ஒரு ஸாஃ அளவு பேரீச்சம்பழம் அல்லது வாற்கோதுமையை நபிகளார் இதற்கு நிர்ணயித்தார்கள். நோன்பாளியிடம் நேர்ந்த வீண் பேச்சுகளிலிருந்து அவரைத் தூய்மைப்படுத்துவதும், ஏழைக்கு உணவாவதும் இதன் இரு நோக்கங்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை ஏன்? அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக்கூடாது என்பதற்காகவே. ஒருவரின் நோன்பு தூய்மை பெறுவதும் மற்றொருவரின் வீட்டில் உலை கொதிப்பதும் ஒரே செயலால் நிகழ்கின்றன.

சாம்பல் ஆண்டு

இந்தப் படிப்பினையை ஆட்சிப் பீடத்தில் அமர்ந்து கடைப்பிடித்தவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 18இல் அரபு நாட்டில் மழை பொய்த்துக் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. மண் சாம்பல் நிறமாயிற்று; அதனால் அவ்வாண்டு 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு, என்று வரலாற்றில் பெயர் பெற்றது. பசித்த மக்கள் மதீனாவில் வந்து குவிந்தனர். அவர்களுக்குப் பொதுவில் உணவு சமைத்து வழங்க ஏற்பாடு செய்தார்கள் கலீஃபா. பிற பகுதிகளிலிருந்து தானியங்களை வரவழைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்காத நெய்யையும் பாலையும் தாமும் உண்பதில்லை என்று உறுதி பூண்டு, பஞ்சம் நீங்கும் வரை அவ்வாறே வாழ்ந்தார்கள். ரமளான் மாதம் கற்பித்த பாடத்தை அவர்கள் ஆட்சிமுறையாகவே ஆக்கிக்கொண்டார்கள் எனலாம்.

நோன்பு என்னும் தமிழ்ச் சொல்

அரபியில் 'ஸவ்மு' என்றால் தடுத்துக்கொள்ளுதல் என்று பொருள். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் நோன்பு என்கிறோம். 'நோற்றல்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். ரமளான் பொறுமையின் மாதம் என்று ஹதீஸ்களில் சிறப்பிக்கப்படுவதை எண்ணினால், நம் முன்னோர் எவ்வளவு பொருத்தமான சொல்லைத் தேர்ந்தனர் என்று வியக்கத் தோன்றும். தொழுகை, ஓதுதல், பெருநாள், பள்ளிவாசல் என மார்க்க வழக்கிலுள்ள பல சொற்கள் இவ்வாறு தூய தமிழாகவே நம்மிடம் வழங்குகின்றன.

இச்சொற்களுக்கு இம்மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. கழுகுமலைப் பாறையில் கி.பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட சமணச் சிற்பங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். உண்ணாநோன்பைப் பெருந்தவமாகக் கொண்ட சமணத் துறவியர் தங்கிய இடங்களும் பள்ளி என்றே அழைக்கப்பட்டன. அதே ஊரின் முருகன் கோயிலுக்குக் கந்த சஷ்டி விரதமிருந்து செல்வோர் நம் அண்டை வீட்டார். தவக்காலத்தில் ஒறுத்தல் மேற்கொள்ளும் கிறித்தவச் சகோதரர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆகவே பசித்திருத்தலின் மேன்மையை இவ்வட்டார மக்களுக்கு யாரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தவம் செய்வோர் தம் பசியைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலும், அப்பசியை உணவளித்து மாற்றுவோரின் ஆற்றலுக்கு அடுத்தபடியானதே என்ற கருத்தைத் திருக்குறள் ஈகை அதிகாரத்தில் முன்வைக்கிறது. இஸ்லாமிய நோன்பு இவ்விரண்டு ஆற்றல்களையும் ஒரே மனிதரிடம், ஒரே மாதத்தில் வேண்டுகிறது.

கரிசல் பூமியும் பசியும்

நம் பகுதி மானாவாரிப் பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி. பெய்யாவிட்டால் வெடித்த கரிசலும் வெற்றுக் களமும். சந்திரக் கணக்கின்படி ரமளான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினோரு நாட்கள் முன்னகர்ந்து, சுமார் முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1986இல் மே மாதத்தில் தொடங்கிய ரமளான் 2019இல் மீண்டும் மே மாதத்தில் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என எல்லா வேலைகளின் ஊடாகவும் வந்து சென்றது. வசதியான பருவத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. இறைவன் எல்லாப் பருவங்களின் சிரமத்தையும் எல்லா நாட்டவருக்கும் நீதியாகப் பங்கிட்டிருக்கிறான்.

நாமாக ஏற்கும் பசி வேறு. நம்மீது விழும் பசி வேறு. பின்னதன் கொடுமையைத் தமிழகம் நன்கறியும். 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்ததால் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைத் 'தாது வருடப் பஞ்சம்' என்று மக்கள் இன்றும் குறிப்பிடுகின்றனர். இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அப்போது நிவாரணச் செலவைக் குறைக்க வந்த ஆங்கிலேய அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பசித்தவனின் வயிற்றை வெளியே நின்று அளந்தவர்கள் அவர்கள். தாமும் பசித்திருந்து பிறர் பசியை அறிவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்ச காலங்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அங்குக் கையேந்தி நின்றவர் மனம் குன்றித்தான் நின்றிருப்பார். பள்ளிவாசலில் வழங்கப்படும் கஞ்சியின் தன்மை வேறு. அதைக் காய்ச்சியவரும் பசியோடிருக்கிறார், ஊற்றுகிறவரும் பசியோடிருக்கிறார், வாங்கிச் செல்பவரும் பசியோடிருக்கிறார். பாங்கு ஒலிக்கும் வேளையில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே கஞ்சியை அருந்துகின்றனர். இங்குக் கொடுப்பவர் கை உயர்வதுமில்லை. பெறுபவர் தலை தாழ்வதுமில்லை.

நோன்புக் கஞ்சி

நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு, அந்நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல், அதே அளவு கூலி உண்டு என்பது நபிமொழி. நபிகளார் கனிந்த பேரீச்சம்பழத்தாலும், அது இல்லையெனில் உலர்ந்த பேரீச்சம்பழத்தாலும், அதுவும் இல்லையெனில் தண்ணீராலும் நோன்பு திறந்தார்கள். பேரீச்சை விளையாத தமிழ்நாட்டில் இந்நபிமொழியைச் செயற்படுத்த நம் முன்னோர் கண்ட வழிதான் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்த்து, வசதிக்கேற்பத் தேங்காய்ப் பாலோ கறியோ இட்டுக் குழையக் காய்ச்சப்படும் இக்கஞ்சி, நாள் முழுதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு இதமானது. குறைந்த செலவில் நிறைந்த பேருக்குப் போதுமானது. வசதி படைத்தவர் ஒரு நாள் கஞ்சிச் செலவை ஏற்பார். இயலாதவர் விறகு சுமந்தோ, அடுப்படியில் நின்றோ, பாத்திரம் துலக்கியோ தம் பங்கைச் செலுத்துவார்.

அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளிகளுடன் வரும் சிறுவர்களை அனைவரும் அறிவோம். அவர்களில் முஸ்லிம் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாட்டு ஊர்களில் நோன்புக் கஞ்சி மத எல்லைகளைத் தாண்டிப் பிரியத்துடன் அருந்தப்படும் உணவாகிவிட்டது. கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலும் சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களிலும் இவ்வழக்கத்தைக் கொண்டுசென்றனர். அங்கு மலாய்ச் சகோதரர்களும் இதை விரும்பி அருந்துகின்றனர்.

2001ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு ரமளான் கஞ்சிக்கெனப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்கி வருகிறது. கொரோனா நோய்த்தொற்று பரவிய 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 மெட்ரிக் டன் அரிசி ஒதுக்கப்பட்டது. சராசரியாக ஒரு பள்ளிவாசலுக்கு நாளொன்றுக்கு அறுபது கிலோவுக்குச் சற்று மேல் வரும். அவ்வாண்டு பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. அடுப்பு மூட்ட வழியில்லை. ஆகவே அரிசியை வீடுகளுக்கே பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஜமாஅத்துத் தொழுகையும் தராவீஹும் இல்லாத அந்த ரமளானிலும் ஏழை வீட்டின் பங்கு நிற்கவில்லை என்பதில் நமக்குப் பெரும் படிப்பினை இருக்கிறது.

நம் பொறுப்பு

ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றின் முன் நம்மை நிறுத்திப் பார்க்க வேண்டிய நேரமிது. பசியை உணர வந்த மாதம் பண்டங்களின் மாதமாகி வருகிறதோ என்ற கவலை நம் அனைவருக்கும் உண்டு. இஃப்தார் விருந்துகளில் வகை வகையான உணவுகள் பரிமாறப்பட்டு, மீதம் குப்பைக்குச் செல்வதைக் காண்கிறோம். தண்ணீரால் நோன்பு திறந்த நபிகளாரின் உம்மத்துக்கு இது அழகன்று. பொய்யையும் தீய நடத்தையையும் கைவிடாதவர் உணவை மட்டும் கைவிடுவதில் இறைவனுக்குத் தேவை எதுவுமில்லை என்று எச்சரித்தார்கள் நபிகளார். உணவை வீணாக்கும் நோன்பாளியும் அவ்வெச்சரிக்கையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பள்ளிவாசலுக்கு வர இயலாதவர்கள் யார் என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும். படுக்கையிலுள்ள முதியவர்கள், ஆள் அனுப்ப வழியில்லாத விதவைப் பெண்கள், தீப்பெட்டி ஆலையிலும் புஞ்சைக் காட்டிலும் நோன்புடன் கூலி வேலை செய்துவிட்டு மஃரிபுக்குச் சற்று முன்னரே வீடு திரும்பும் தாய்மார்கள், பிழைப்புக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அஸர் நேர வரிசையில் நிற்க வாய்ப்பில்லை. வாளி கொண்டு வருபவருக்குக் கஞ்சி கிடைக்கிறது, வராதவருக்குக் கிடைப்பதில்லை. உணவு தேடிச் சென்ற கைஸ் (ரலி) அவர்களின் மனைவி திரும்புவதற்குள் நேரம் கடந்துவிட்டது. நம் மஹல்லாவில் எந்த வீட்டுக்கும் அந்நிலை வரக்கூடாது. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்று அத்தகைய வீடுகளுக்குக் கஞ்சியைக் கொண்டுசேர்த்தால் அது பெரும் நன்மையாகும்.

ஃபித்ராவும் அவ்வாறே. பெருநாள் இரவில் அவசரமாகக் கொடுப்பதால், பெறுபவர் அதைக் கொண்டு கடைக்குச் சென்று வாங்கிச் சமைக்க நேரமிருப்பதில்லை. பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னதாகக் கொடுக்கும் வழக்கம் நபித்தோழர்களிடமும் இருந்தது. உரிய குடும்பங்களை முன்கூட்டியே கணக்கெடுத்து, இரண்டு மூன்று நாட்களுக்கு முன் அவர்கள் கையில் சேர்ப்போமானால் அதன் நோக்கம் நிறைவேறும்.

ரமளான் முடிந்ததும் பள்ளிவாசல் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். பசி அந்த மாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. ரமளானில் நாம் அறிந்துகொண்ட வீடுகளை மற்ற பதினொரு மாதங்களிலும் மறவாதிருப்பதே நம் நோன்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதன் அடையாளமாக அமையும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் நோன்புகளையும் தர்மங்களையும் ஏற்றுக்கொள்வானாக! நம் ஊரிலும் உலகிலும் பசித்திருப்போர் அனைவரின் பசியையும் நீக்கி அருள்வானாக! நம் கரிசல் பூமிக்கு உரிய காலத்தில் நல்ல மழையைத் தருவானாக! ஆமீன்.